ஓடுதளத்தைக் கடக்கும் ஆராட்டு, ரயில் நிலையத்துக்கு அடியில் கால்வாய்: திருவனந்தபுரத்தின் பழைய பகுதிகள் சொல்லும் கதை

திருவனந்தபுரம்: ஆண்டுக்கு இரு முறை, பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவு நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுதளம் சில மணி நேரம் மூடப்படுகிறது. பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் அந்த ஓடுதளத்தைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. 2021-ல் நிலைய நிர்வாகம் அதானி குழுமத்திடம் சென்ற பிறகும் இவ்வழக்கம் தொடர்கிறது.

பழமையும் புதுமையும் இவ்வாறு இணக்கம் கண்ட இடங்கள் இந்நகரில் உண்டு. காணாத இடங்களும் உண்டு. கோட்டை, சாலை, தம்பானூர் ஆகிய மூன்று பகுதிகள் இதற்குச் சாட்சி.

கோட்டை: 1750-ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியது. கோயிலைச் சுற்றித் தமிழ் அந்தணர்களின் அக்ரஹாரங்கள் அமைந்தன. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாத நிலை நீடித்தது. பெரியார் பங்கேற்ற வைக்கம் போராட்டம் உள்ளிட்ட கிளர்ச்சிகளுக்குப் பிறகே, 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. ஆங்கிலேயர் பாணிக் கட்டடங்கள் எழுந்து பல ஆண்டுகள் கழித்தே இந்த மாற்றம் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சாலை: திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. இங்கு பாத்திரக் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன், இத்தெருவின் மனிதர்களையே தமிழ் இலக்கியத்தில் பதிவு செய்தார். 2015-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர் 2021-ல் மறைந்தார்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. தலைநகர் ஒரு மாநிலத்திலும் அதன் தெற்குக் கிராமங்கள் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன. ஆனாலும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரம் சரஸ்வதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை விக்கிரகங்கள் ஆண்டுதோறும் களியக்காவிளை எல்லையைக் கடந்து இந்நகருக்கு ஊர்வலமாக வருகின்றன.

தம்பானூர்: 1931-ல் ரயில் பாதை இப்பகுதியை எட்டியது. ஆமையிழஞ்சான் தோடு எனப்படும் கால்வாய் இன்றும் ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கம்போல் ஓடுகிறது. கால்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டு மழைதோறும் தம்பானூரும் கிழக்குக் கோட்டையும் வெள்ளத்தில் மூழ்கியதால், 2015-ல் மாநில அரசு 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றியது. 2017-ல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருவனந்தபுரம் இடம் பெற்றது.

இவற்றுக்குப் பிறகும் 2024 ஜூலை 13-ல் அக்கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு அவரது உடல் மீட்கப்பட்டது. குப்பைக்குப் பொறுப்பு யார் என்பதில் ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சுடன் முடிவுக்கு வந்துவிட்டது. ஊர்வலத்துக்காக விமானங்களை நிறுத்த ஒத்துழைக்கும் மத்திய, மாநில நிர்வாகங்கள், ரயில் பாதைக்குக் கீழே ஓடும் ஒரு கால்வாயைத் தூய்மையாக வைப்பதிலும் அதே ஒத்துழைப்பைக் காட்டுமா என்பதே நகர மக்கள் முன்னுள்ள கேள்வி.