கணக்கு வராத பிள்ளை இல்லை. விட்டுப்போன படிதான் இருக்கிறது



கோலா கங்சாரில் கணிதத்தைப் பற்றி நாங்கள் நடத்திய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேரம் போதவில்லை. அங்கே பேசியதையும், பேச முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு தாயார் எழுந்தார். "எங்க குடும்பத்துலேயே யாருக்கும் கணக்கு வராதுங்க. இவனுக்கு மட்டும் எப்படி வரும்?" என்றார். மண்டபமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கள் அப்பா என்ன வேலை செய்தார், அம்மா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல பால் மரம் வெட்டினாருங்க."

கோலா கங்சாருக்கும் பால் மரத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியும். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகள் இந்த ஊரில்தான் நடப்பட்டன. அதன் பிறகு பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகின. நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலைச் சுமந்து வந்து நிறுத்தார்கள். அதோடு கணக்கு முடிவதில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 40 கிலோ பால், அதில் 30 விழுக்காடு ரப்பர் என்றால் 12 கிலோ. விழுக்காடு ஒன்றிரண்டு மாறினாலும் எடை மாறிவிடும்.

அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் தன் உழைப்பின் அளவைத் தானே சரிபார்த்தார். தெரியாதவர், கிராணி எழுதியதே கணக்கு என்று வீட்டுக்கு வந்தார். கணக்கு தெரியாவிட்டால் மற்றவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். இன்று தோட்டம் இல்லாமல் இருக்கலாம். சம்பளச் சீட்டும், வங்கிக் கடனும், தவணைக் கட்டணமும் இருக்கின்றனவே!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கணக்கைத் தமிழில் படித்தவன். 2003-இல் படிவம் ஒன்றுக்குப் போனேன். அந்த ஆண்டுதான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. நேற்றுவரை 'பின்னம்' என்று நான் சொன்னது அன்று வேறு பெயரில் கரும்பலகையில் நின்றது. எனக்குக் கணக்கு வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கணக்கு இல்லாத துறை என்று நினைத்துத்தான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா எடுத்தேன். இப்போது நிகழ்ச்சியின் ஒவ்வொரு பகுதியையும் நிமிடம், விநாடி என்று கூட்டிக் கழிப்பதே என் அன்றாட வேலை! கணக்கை விட்டு ஓட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கே சறுக்குகிறது?

கலந்துரையாடலுக்கு வந்திருந்த பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், படிவம் 2 மாணவனை மேடைக்கு அழைத்தார். அல்ஜிப்ரா தலைகால் புரியவில்லை என்றான் அவன். ஆசிரியர் அல்ஜிப்ராவைத் தொடவே இல்லை. "1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டு" என்றார். மாணவன் உடனே "2/5" என்றான்.

தவறு என்று அவர் சொல்லவில்லை. "உன் தட்டில் அரை ரொட்டி சானாய் இருக்கிறது. நான் இன்னும் மூன்றில் ஒரு பங்கு வைக்கிறேன். அரையைவிடக் கூடுமா, குறையுமா?"

"கூடும் சார்."

"நீ சொன்ன 2/5 அரையைவிடக் கூடுதலா?"

மாணவன் யோசித்தான். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. "இல்ல சார், தப்பு" என்று அவனே சிரித்தான். பிறகு இரண்டையும் ஆறில் பங்காக்கி, 3/6, 2/6, மொத்தம் 5/6 என்று சரியாகப் போட்டான்.

அவனுடைய சிக்கல் படிவம் 2-இல் இல்லை. தொடக்கப்பள்ளியில் படித்த பின்னத்தில் இருக்கிறது. கணிதம் ஏணி மாதிரி. வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் ஒரு படி உடைந்திருந்தால், அதற்கு மேலே எத்தனை பிரத்தியேக வகுப்பு வைத்தாலும் கால் அங்கேதான் சறுக்கும்.

முன்பு யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 ஆகிய தேர்வுகள் இந்த ஓட்டைகளை ஓரளவு காட்டிக் கொடுத்தன. 2021-இல் முதலாவதும், 2022-இல் இரண்டாவதும் எடுக்கப்பட்டன. அதன் பிறகு பல பிள்ளைகளுக்கு முதல் பெரிய அரசாங்கத் தேர்வே எஸ்.பி.எம். என்றாகிவிட்டது. ஓட்டை படிவம் 5-இல் தெரிந்தால், அடைக்க நேரம் ஏது? பீசா எனும் அனைத்துலக ஆய்வில் நம் நாட்டு 15 வயது மாணவர்களின் கணிதப் புள்ளி 2018-இல் 440, 2022-இல் 409. கவலைப்பட வேண்டிய சரிவுதான்.

ஆகவே மாணவர்களே, முதலில் மூன்று ஆண்டுகள் பின்னே போங்கள். பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, வாய்ப்பாடு, பின்னம், தசமம், விழுக்காடு, எதிர்மறை எண்கள் ஆகியவற்றில் பத்துப் பத்துக் கணக்குகள் போட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கிருந்து தொடங்குங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

கணக்கா, மொழியா?

நம் பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத் திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. இன்று தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் படிக்கிறார்கள். பின்னம் 'பெச்சாஹான்' ஆகிறது. சராசரி 'புராத்தா', பரப்பளவு 'லுவாஸ்', விகிதம் 'நிஸ்பா'. கணக்கு அதேதான், பெயர் மட்டும் மாறுகிறது. ஆனால் பெயர் தெரியாத பிள்ளை, கணக்கே தெரியாது என்று பயந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கையில் 80 ரிங்கிட். அதில் 25 விழுக்காடு செலவு. 'பாக்கி' எவ்வளவு? அவசரக்காரர்கள் 20 என்று எழுதுவார்கள். அது செலவு, பாக்கி 60. வகுத்ததும் பெருக்கியதும் சரி, வாசித்தது தவறு! இத்தனைக்கும் பாக்கி என்ற சொல் தமிழிலும் மலாயிலும் ஒன்றே.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறு பக்கம் மலாய்ச் சொல், பக்கத்தில் ஒரு சிறு கணக்கு. ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையிலேயே தொடங்கினால், படிவம் ஒன்றில் பயமிருக்காது.

கலந்து போடுங்கள்

"வீட்டில் எல்லாம் சரியாகப் போடுகிறேன், தேர்வில் மறந்துபோகிறது" என்றாள் ஒரு மாணவி. இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் தென் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகள். ஒரு குழு ஒவ்வொரு வகையாகப் போட்டுப் பழகியது. மற்றது நான்கையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது முதல் குழு 89 விழுக்காடு சரி. கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. முதல் குழு 20 விழுக்காட்டுக்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63!

காரணம் எளிது. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கத் தேவையில்லை. கை மட்டுமே வேலை செய்கிறது. தேர்விலோ, எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ஆகவே ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டதும், பழைய பாடங்களின் கணக்குகளையும் சேர்த்துப் போடுங்கள். விடையைப் பார்த்துப் 'புரிந்துவிட்டது' என்று தலையாட்டாமல், புத்தகத்தை மூடிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். முடித்ததும், அந்த ரொட்டி சானாய்க் கேள்வியை உங்களையே கேளுங்கள்: இந்த விடை நடக்கக்கூடியதா?

பெற்றோர்களே, உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் இருபது நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். எந்த இடத்தில் பிள்ளையின் பேச்சு தடுமாறுகிறதோ, அங்கேதான் படி உடைந்திருக்கிறது. மறுநாள் ஆசிரியரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். பிள்ளையின் காதுபட 'நமக்குக் கணக்கு வராது' என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரத்தில், அந்தத் தாயாரும் மகனும் ஓய்வு பெற்ற ஆசிரியரின் அருகில் நின்றிருந்தார்கள். ஆசிரியர் ஒரு துண்டுத் தாளில் ஏதோ கணக்கு எழுதிக் கொடுத்தார். குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.