திறக்க மறுக்கும் வீடியோக்கள்: வீட்டுக் கணனியில் என்ன செய்யலாம்?

விக்டோரியா அணைக்காகத் தெல்தெனியப் பகுதியை விட்டுக் குடும்பங்கள் எழுந்த காலத்தில் வீடியோக் கமரா என்பது எமது கிராமங்களுக்கு எட்டாத பொருள். 1985 ஏப்ரலில் அணை திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் சூழவிருந்த வயல்களும் நீருக்கடியில் போயின. வரம்பு எங்கே ஓடியது, கிணறு எங்கே இருந்தது என்பதெல்லாம் இன்று பெரியவர்களின் வாய்ச்சொல்லில் மட்டுமே உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் கண்டி மாவட்டத்தைத் தாக்கியபோது நிலைமை வேறாக இருந்தது. வீடும் மரக்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் ஏற்கனவே பதிவாகியிருந்தன. பிள்ளையின் பிறந்தநாளுக்காக எடுத்த வீடியோவின் பின்னணியில், இப்போது சேற்றுக்கடியில் கிடக்கும் வேலி தெளிவாகத் தெரியலாம். காணி உறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் அது ஈடாகாது. ஆயினும், என்ன இருந்தது, எங்கே இருந்தது என்று கிராம உத்தியோகத்தருக்கு எடுத்துச் சொல்லும்போது அது பெரிய துணை. இறந்துபோன ஒருவரின் குரல் அதில் மட்டுமே மிஞ்சியிருக்கவும் கூடும்.

அத்தகைய வீடியோவைக் கணனியில் இட்டதும் "திறக்க முடியவில்லை" என்று திரையில் வந்தால் மனம் உடைந்து போகிறது. கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணிச் சிலர் அதை அழித்தும் விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கோப்பில் பழுது இருப்பதில்லை; அதைப் படிக்கத் தெரியாத கணனியே அங்கிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நமது வீட்டுச் சாக்கையே உதாரணமாகக் கொள்வோம். உரம் தீர்ந்த யூரியாச் சாக்கில் நாம் உருளைக்கிழங்கு கட்டுகிறோம். வெளியே எழுதியிருப்பது யூரியா, உள்ளே இருப்பது கிழங்கு. வீடியோக் கோப்பும் அப்படித்தான். பெயரின் முடிவில் வரும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பன சாக்கின் பெயர்கள். படத்தையும் ஒலியையும் சுருக்கி அடைத்த முறை வேறு. அதற்குக் கோடெக் என்று பெயர். எச்.264, எச்.265, எம்பெக்-2 என்பன அம்முறைகள். ஒரே எம்.பி.4 சாக்குக்குள் எச்.264உம் இருக்கலாம், எச்.265உம் இருக்கலாம். முதலாவதைப் பழைய கணனியும் படிக்கும். இரண்டாவது புதிய கைத்தொலைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்தப் பயன்படுத்துவது; அதைப் படிக்கும் பகுதி பல விண்டோஸ் கணனிகளில் இருப்பதில்லை. ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுப்பாக நின்றால் முதலில் இதையே சந்தேகியுங்கள். பெயரின் முடிவை மாற்றி எழுதிப் பார்ப்பதால் பயனில்லை. சாக்கின் எழுத்தை அழித்து எழுதினால் கிழங்கு யூரியாவாகி விடுமா?

முதல் மருந்து இலவசமானது. வி.எல்.சி. என்னும் மென்பொருள் 1996இல் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, 2001 முதல் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டு வருகிறது. கோடெக்குகளில் பெரும்பாலானவற்றை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸ் 7 உள்ள பழைய கணனியிலும் இயங்கும். வீடியோ ஓடும்போது அதன் டூல்ஸ் பட்டியலில் கோடெக் இன்போமேஷன் என்பதை அழுத்தினால் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். மென்பொருளை அதை உருவாக்கும் வீடியோலான் அமைப்பின் தளத்திலிருந்தே இறக்குங்கள். "கோடெக் குறைகிறது, இங்கே அழுத்துங்கள்" என்று வழியில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல வைரசைக் கொண்டு வருபவை. நமது அவசரத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இணையத்திலும் உண்டு.

இனிப் பழைய இறுவட்டுகள். 1990களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் நடந்த திருமணங்கள் பல வி.சி.டி.யில் உள்ளன. அந்த இறுவட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற உறைக்குள், பெயரின் முடிவில் டட் என்று உள்ள பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதுவே படம். அதைக் கணனிக்குப் பிரதி செய்து வி.எல்.சி.யில் திறந்தால் பெரும்பாலும் ஓடும். படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே. ஆகவே இன்றைய பெரிய திரையில் மங்கலாகத் தெரிவது இயல்பு. எந்த மென்பொருளும் அதில் இல்லாத தெளிவை உண்மையாகக் கொண்டுவர முடியாது.

டி.வி.டி.யில் சிக்கல் வேறு. அங்கே வீடியோ டி.எஸ். என்ற உறைக்குள் வொப் என்று முடியும் பல கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படாதபடி ஒரே திருமணம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு துண்டை மட்டும் பிரதி செய்துவிட்டு "தாலி கட்டுவதோடு நின்றுவிட்டது" என்று வருந்துவோர் உண்டு. முழு உறையையும் பிரதி செய்யுங்கள். இறுவட்டுக் கீறியிருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிய கீறல் தரவின் போக்கிலேயே விழும். அதைச் சரிசெய்வது கடினம்.

அதற்கும் முந்திய வி.எச்.எஸ். ஒளிநாடாக்களுக்கு நமது மலைநாட்டு ஈரம் கொடிய எதிரி. நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலப் பூஞ்சணம் தெரிந்தால் அதை இயக்கியில் போடவே கூடாது. நாடாவும் கெடும், இயக்கியின் தலைப்பகுதியும் கெடும், அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் அது தொற்றும். உலகில் கடைசியாக இந்த இயக்கிகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே கைவசம் ஓடும் இயக்கி யாரிடமாவது இருந்தால் இவ்வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடா நமது இயக்கியில் நிறமற்றும் உருண்டும் ஓடினால், அது என்.டி.எஸ்.சி. முறையில் பதியப்பட்டது, நாம் பயன்படுத்துவது பால் முறை. நாடாவில் குறை இல்லை, இரண்டு முறைகளையும் படிக்கும் இயக்கி வேண்டும்.

அடுத்தது மாற்றும் வேலை. பழைய தொலைக்காட்சியில் பென் ட்ரைவைச் செருகிப் பார்க்க விரும்புவோருக்கு எம்.பி.4 சாக்கில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் பெரும்பாலும் ஒத்துவரும். இதற்கு ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். டி.வி.டி. உறை முழுவதையும் அதில் திறந்தால் துண்டுகளை அதுவே சேர்த்து ஒரே கோப்பாக்கித் தரும். கைத்தொலைபேசி வீடியோவை மாற்றிய பின் உதட்டசைவுக்கும் குரலுக்கும் பொருத்தம் இல்லாது போனால், அதில் ஃபிரேம் வேகத்தை "கொன்ஸ்டன்ட்" என்று தெரிவு செய்து மீண்டும் மாற்றுங்கள். கைத்தொலைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவதனால் இது நேர்கிறது. பழைய நாடா, டி.வி.டி. படங்களில் ஆட்கள் அசையும்போது சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால் "டீஇன்டர்லேஸ்" என்ற வசதி அதைத் தீர்க்கும்.

மாற்றும் ஒவ்வொரு தடவையும் படம் சிறிது தேய்கிறது. நெல்லைத் தீட்டத் தீட்டத் தவிடு போவது போல, போனது திரும்பாது. எனவே மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். எப்போதும் மூலத்திலிருந்தே மாற்றுங்கள், மாற்றியதிலிருந்து அல்ல. வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பும் வீடியோவும் சுருக்கப்படுகிறது, எடுத்த திகதி போன்ற விபரங்களும் அதில் தங்குவதில்லை. இழப்பீட்டுக்கு உதவக்கூடிய வீடியோவை "டொகியுமென்ட்" ஆக அனுப்புங்கள், அல்லது வயர் மூலம் கணனிக்கு எடுங்கள்.

இரண்டு குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பென் ட்ரைவில் இடமிருந்தும் பெரிய கோப்பு ஏற மறுத்தால், அது ஃபட்32 முறையில் அமைக்கப்பட்டிருக்கலாம். அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்ஃபட் முறைக்கு மாற்றவேண்டும். ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில எக்ஸ்ஃபட்டைப் படிப்பதில்லை. மற்றது, பென் ட்ரைவில் இருக்கும் கோப்பு ஓரிரு கிலோபைட் மட்டுமே என்றால் அது படமல்ல. கணனியின் முகப்பிலிருந்து குறுக்குவழிச் சின்னத்தைப் பிரதி செய்திருக்கிறீர்கள்.

உண்மையாகவே பழுதான கோப்பும் உண்டு. பதிந்துகொண்டிருக்கையில் தொலைபேசி விழுந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ எம்.பி.4 கோப்பு முற்றுப்பெறாமல் நிற்கிறது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. அட்டவணை இல்லாததால் வி.எல்.சி.யும் கைவிரிக்கும், படம் மட்டும் உள்ளே கிடக்கும். மண்சரிவு வேளையில் எடுத்த வீடியோக்களுக்கு இது நேர்ந்திருக்கக்கூடும். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள், அதே தொலைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையை மீண்டும் கட்ட முயல்கிறது. அதற்கு ஓரளவு கணனிப் பழக்கம் தேவை; விபரமறிந்த இளைஞர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொலைபேசியின் மற்ற வீடியோக்களை அதுவரை அழிக்காதிருப்பது அவசியம்.

பிரதி எடுத்து முடித்ததும் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நடுப்பகுதியையும் முடிவையும் ஓடவிட்டு, ஒலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றைச் சரிவுப் பகுதிக்கு வெளியே வாழும் உறவினரிடமும் வையுங்கள். உறையின் மேல் இடத்தின் பெயரையும் எடுத்த வருடத்தையும் படத்தில் இருப்போரின் பெயர்களையும் எழுதி வையுங்கள். இறுவட்டானால் அதன் மேல் அழுத்தி எழுதும் குமிழ்முனைப் பேனையைப் பயன்படுத்த வேண்டாம்.