ஊர்ப்படம் வரையும் தொண்டர்

தொண்டு செய்ய ஒருவர் முன்வருதல் அரிது. முன்வந்தவருக்கு ஏற்ற பணியைக் காட்டுதல் அதனினும் அரிது. ‘நான் என்ன செய்யலாம்?’ என்று கேட்டு வந்தவர் விடை கிடையாமல் இரண்டொரு நாளில் திரும்பிவிடுவதைப் பொதுப்பணிகள் பலவற்றிற் காண்கிறோம். மக்கள் தாமே கூடி வரையும் நிலப்படப் பணியில் இக்குறை எவ்வாறு நீக்கப்படுகிறது என்பது அறியத்தக்கது.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடக்கிய உலகப் பொதுப்படம். எவரும் அதில் வரையலாம். எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். 2010 சனவரி 12ஆந் திகதி ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் தாக்கியபோது, அதன் தலைநகரின் வீதிகள் சிலவே இப்படத்தில் இருந்தன. பல நாடுகளிலிருந்த நூற்றுக்கணக்கான தொண்டர் விண்ணிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்து, சின்னாட்களில் அவ்வீதிகளை வரைந்தனர். மீட்புப் பணியாளர் அப்படத்தின் துணைகொண்டு வழி கண்டனர்.

பலர் ஒருங்கே கைவைக்கும் வேலையில், ஒரு வீதியை இருவர் வரைவதும் மற்றொன்றை ஒருவருமே வரையாது விடுவதும் நேரும். இதற்கு மருந்தாக, ஹொட் எனப்படும் மனிதாபிமான நிலப்படக் குழுவினர் பணிகளைப் பங்கிடும் இணையத்தளம் ஒன்றை அமைத்தனர். வரைய வேண்டிய பரப்பு அங்கே சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒருவர் எடுத்த கட்டத்தில் அவ்வேளை பிறர் வரைய இயலாது. முடிந்த கட்டத்தை அனுபவமுள்ள வேறொருவர் சரிபார்ப்பார். தோட்டத்திற் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவது போன்றது இம்முறை. தம் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புதியவருக்குத் தெளிவாகிறது.

எனினும், எல்லாருக்கும் ஒரே பணி பொருந்தாது. தொலைவில் இருந்து வரைபவருக்குக் கூரை தெரியும். அது பாடசாலையா வைத்தியசாலையா என்பது தெரியாது. அதனை அறிந்தவர் அவ்வூரவரே. ஆகவே, புதிதாய் வந்தவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: கணினி பழக்கமா? ஊர் தெரியுமா? எவ்வளவு நேரம் உண்டு? கணினி பழகியவர் கட்டடங்களின் உருவை வரையலாம். ஊருக்குள் நடமாடுபவர் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்னும் கைத்தொலைபேசிச் செயலி கேட்கும் சிறு வினாக்களுக்கு விடை தரலாம்: வீதி தாரிட்டதா, மண் வீதியா? கடை எப்போது திறக்கும்? கணினியைத் தொட்டறியாத முதியவரும், ஒழுங்கையின் பெயரையும், மாரியில் எவ்வழி நீரில் மூழ்கும் என்பதையும் சொல்லலாம். இளையோர் அதனைப் பதிவு செய்வர்.

இலங்கையிலும் இப்பணி நிகழ்ந்துள்ளது. மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவில், உலக வங்கியின் துணையுடன், 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இவ்வாறு படத்தில் ஏறின. வெள்ளமும் புயலும் அறிந்த அப்பிரதேசத்திற்கு அது பெரும் பயன்.

இறுதியாக ஒன்று. புதியவர் நிழலைக் கட்டடமென்று வரைந்துவிடுவதுண்டு. பாதையை வாய்க்கால் என்று குறிப்பதுமுண்டு. சரிபார்ப்பவர் பிழையை மட்டும் சுட்டினால் அவர் மீண்டும் வாரார். சரியாகச் செய்ததை முதலிற் சொல்லி, பின்னர் திருத்தும் வழியைக் காட்டினால், அவரே நாளை பிறர்க்குக் கற்பிப்பார். உதவ வந்தவரை வெறுங்கையுடன் அனுப்பாது, அன்றைக்கே முடிக்கக்கூடிய ஒரு சிறு கட்டத்தையேனும் அவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.