மௌனமும் சம்மதமும்

பருவமடைந்த பிள்ளைகளுக்குத் திருமணத்தைப் பற்றி யார் சொல்வது, எதைச் சொல்வது என்பன ஒலுவில் முதல் கல்முனை வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் இன்றும் தீராத வினாக்களாகும். வாப்பா சொல்லக் கூசுகிறார். உம்மா தொழுகை விலக்குடைய நாட்களை மகளுக்கு உணர்த்துவதோடு அமைகிறார். சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்க அத்தியாயம் வரும்போது, “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியரும் உண்டு. எஞ்சியதைக் கைத்தொலைபேசி கற்பிக்கின்றது.

வாய்மூடியிருப்பதே நாணம் எனப் பலர் கருதுகின்றனர். மார்க்கக் கல்வி மரபு அவ்வாறு கருதவில்லை. பருவமடைதலின் அடையாளங்கள் யாவை, குளிப்பு எப்போது கடமையாகும் என்பனவற்றை மத்ரஸா மாணவர் ஃபிக்ஹு நூல்களிலேயே கற்கின்றனர். அந்நூல்கள் உடலைக் குறித்துக் கண்ணியமாகவும் தெளிவாகவும் பேசுகின்றன. நாணம் சொல்லும் முறையினால் காக்கப்படுவது, சொல்லாமையினால் அன்று.

கன்னிப் பெண்ணின் திருமணத்துக்கு அவளுடைய அனுமதியைக் கேட்க வேண்டும் என்பதும், நாணத்தால் அவள் பேசாதிருப்பின் அம்மௌனமே சம்மதம் என்பதும் நபிமொழி தரும் கருத்துக்கள். பின்பாதி ஊரறிந்தது, முன்பாதியே மறக்கப்படுகிறது. கேட்ட பின்னரன்றோ மௌனம் விடையாகும்! கேட்கப்படுவது இன்னதென்று அறியாத பெண்ணின் மௌனம் சம்மதமன்று, அறியாமை.

சட்டமும் அம்மௌனத்துக்கு இடமளித்தது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்த வயது எதனையும் விதிக்கவில்லை. 12 வயது நிரம்பாத பெண்ணாயின் காதியின் அனுமதி வேண்டும் என்றது. பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. அவளுக்காக வலியே ஒப்பமிட்டார். ஏனையோருக்கான பொது விவாகச் சட்டத்தில் 1995இல் திருமண வயது 18 ஆயிற்று. முஸ்லிம் சட்டத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல் அறிக்கை தந்தபோதும், உறுப்பினர் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. பெரியோரிடை இவ்வாதம் நீளும்போது, பிள்ளைகளோ ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருக்கின்றனர். ஆகவே வகுப்பறை காத்திருத்தல் தகாது.

அங்கே கற்பிக்க வேண்டியவை சிலவே. உடல் முதிருமுன் ஏற்படும் கருப்பம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். ஒருவரை விரும்புவது குற்றமன்று. ஆயினும் விருப்பத்தின் பெயரால் படம் கேட்பதும், அதைக் காட்டி அச்சுறுத்துவதும் குற்றம். அச்சுறுத்தப்பட்ட பிள்ளை, திட்டுவார்களோ என்று அஞ்சாமல் வீட்டிலோ பாடசாலையிலோ சொல்ல வழியிருக்க வேண்டும்.

இப்பாடம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டில் வந்து வாழ்வதும் கிழக்குக் கரையின் வழக்கம். அவ்வீட்டைக் கட்டத் தந்தை கடன்படுகிறார். தமையன் வளைகுடா நாட்டுக்குப் போகிறான். மகளின் வயதைவிடச் சுவரின் உயரமே திருமண நாளைத் தீர்மானிப்பதும் உண்டு. மஹர் தான் கொடுக்க வேண்டிய கடமை என்பதையும், தான் வாங்கும் கைக்கூலியை மனைவி காதியிடம் மீளக் கோரலாம் என்பதையும் இளைஞன் காவின் எழுதும் நாளுக்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும். மனைவியின் விருப்பமின்மையை மதிப்பதும் ஆண்மையின் இலக்கணமே என்று அவனுக்கு எவரேனும் சொல்லியாக வேண்டும்.

2016 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமாகும். ஒலுவிலிலேயே பல்கலைக்கழகம் 1996இல் எழுந்தது. அதன் வாயில்வரை செல்லக்கூடிய மாணவியிடம், “உனக்குச் சம்மதமா?” என்று ஒரு நாள் கேட்கப்படும். அவள் பேசினாலும் பேசாதிருந்தாலும், அவ்விடை அறிந்து அளித்த விடையாக இருத்தல் வேண்டும். அதற்கு அவளை ஆயத்தம் செய்வது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.