வீதியில் எஞ்சும் சாட்சியம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி இரவு, விட்பி நகரூடாகச் செல்லும் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சரக்கு வான் ஒன்று எதிர்த்திசையில் ஓடியது. கிளாரிங்டன் பகுதியில் மதுபானக் கடையொன்றில் இடம்பெற்ற கொள்ளையைத் தொடர்ந்து பொலிஸார் அதனைத் துரத்திக்கொண்டிருந்தனர். ஆறு வாகனங்களாவது சிக்கிய அம்மோதலில், பிறந்து மூன்று மாதமேயான சிசுவும், இந்தியாவிலிருந்து பிள்ளைகளிடம் வந்திருந்த பாட்டனாரும் பாட்டியாரும் பலியாயினர். வானை ஓட்டியவரும் மாண்டார். பேரப்பிள்ளையைக் காணக் கடல் கடந்து வரும் பெற்றோர் நம்மவர் வீடுகளிலும் உண்டு. ஆகவே அச்செய்தி நம்மிடையே நெடுநாள் பேசப்பட்டது.

இத்தகைய மோதலின்பின் யார் வருகின்றனர், எதனைத் தேடுகின்றனர் என்பது நம்மவரிற் பலர் அறியாத விடயம். 400 வரிசை நெடுஞ்சாலைகள் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரின் பொறுப்பு. விட்பியின் உள்வீதிகள் டுறம் பிராந்தியப் பொலிஸாருக்குரியவை. பொலிஸாரின் செயலோடு தொடர்புபட்டு எவரேனும் இறந்தால் அல்லது படுகாயமுற்றால், 1990இல் தொடங்கிய விசேட புலனாய்வு அலகு விசாரணையைக் கையேற்கும். இது பொலிஸ் சாராத அமைப்பு. இதன் பணிப்பாளர் முன்னாள் பொலிஸ்காரராகவும் இருத்தலாகாது. விட்பி மோதலை விசாரித்ததும் இவ்வலகே. பின்னர் இரு பொலிஸ் அலுவலர்மீது அது குற்றஞ்சுமத்தியது. காவற்றுறையை இன்னோர் அரச அமைப்பு நீதிமன்றத்தில் நிறுத்துவதை ஊரில் நாம் கண்டது அரிது.

மோதலை மீளமைத்துக் கணிப்பது ஒரு தனித்துறை. 1936இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போக்குவரத்து நிறுவகம் இதற்குப் பாடநெறி வகுத்தது. அங்கு பயின்றோர் தத்தம் ஊர்களிற் பிறருக்குக் கற்பித்தனர். ஒருவர் கண்ட கணிப்பு முறையை மற்றவர் சோதித்துப் பார்ப்பதே இத்துறையின் வழக்கம்.

விசாரணையாளர் முதலில் நோக்குவது தார்மேற்பரப்பையே. சில்லுகள் இறுகி வழுக்கிய கறுப்புத் தடத்தின் நீளம் வேகத்தைக் கூறும். உலர்ந்த தாரில் 30 மீற்றர் தடம் இருப்பின், பிரேக் இறுகியபோது வாகனம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியிருக்கும். வேகம் இரட்டித்தால் தடம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே சாதாரணமாக ஒன்றரை விநாடி செல்லும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்நேரத்தில் வாகனம் 25 மீற்றர் கடந்துவிடும். குழந்தை திடீரெனக் குறுக்கே ஓடியது என்று ஓட்டுநர் கூறுவது உண்மையா என்பதை இக்கணக்கு ஓரளவு காட்டிவிடும்.

தடத்தைவிட நம்பத்தக்கது தாரிற் கிழிந்த பள்ளம். நசுங்கிய வாகனத்தின் அடிப்பாகம் வீதியைக் குத்திய இடமே பெரும்பாலும் மோதிய இடம். எந்த வாகனம் தன் ஒழுங்கையை மீறியது என்ற வழக்கு அவ்விடத்திலேயே தீர்வதுண்டு. பழைய வகை மின்குமிழின் இழையும் பேசும்: எரிந்துகொண்டிருந்த இழை மோதலின் அதிர்ச்சியில் நீண்டு நெளியும், அணைந்திருந்தது அவ்வாறு நெளியாது. விளக்குப் போட்டிருந்தாரா என்பதற்கு இதுவே விடை. புதிய வாகனங்களின் எல்ஈடி விளக்குகளில் இழை இல்லை.

புதிய பிரேக்குகள் சில்லை இறுக விடாமையால் கறுப்புத் தடமும் குறைந்துவிட்டது. அக்குறையை நிரப்புவது வாகனத்திலுள்ள சிறு கணினிப் பெட்டி. காற்றுப்பையை இயக்கும் அப்பெட்டி, மோதலுக்கு முந்திய 5 விநாடியளவில் வேகம், பிரேக், ஆசனப்பட்டி ஆகியவற்றைப் பதிந்து வைக்கும். சட்டத்தரணி அல்லது காப்புறுதி நிறுவனம் அப்பதிவைப் பெறுமுன் வாகனத்தைப் பழைய இரும்புக்கு விற்க ஒப்பமிடலாகாது. பெட்டி போனால் சாட்சியமும் போய்விடும்.

மரணம் நேர்ந்தால் மரண விசாரணை அதிகாரி வருவார். ஒன்ராறியோவில் இவர் மருத்துவர். பிரேத பரிசோதனைக்கு இவர் உத்தரவிட்டால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. ஆயினும் ஈமக்கிரியையின் அவசரத்தை எடுத்துரைத்தால் உடலை விரைவிற் கையளிக்க முயல்வர். வாய்மூடி இருந்தால் அது அவருக்குத் தெரியப்போவதில்லை. ஐந்து ஜூரர்கள் அமரும் பகிரங்க விசாரணையைக் கோரவும் குடும்பத்தினருக்கு உரிமையுண்டு. அது எவரையும் குற்றவாளியாக்காது; இனி இத்தகைய மரணம் நேராதிருக்க விதந்துரைகளை வழங்கும்.

நம்மவரிடம் ஒரு குறையுண்டு. சோதனைச் சாவடிகளிற் பெற்ற அனுபவத்தால், விபத்தைக் கண்டும் பெயர் கொடாது விலகிவிடுகின்றனர். அப்பயத்தை நான் இகழவில்லை. அது வாங்கித் தந்த பாடம் அத்தகையது. எனினும் இங்கு கண்ட சாட்சி ஒருவர் மறைந்தால், பாதிக்கப்பட்டவர் நம்மவராயினும் அவருக்காகப் பேச ஆளில்லை. விபத்திற் சம்பந்தப்பட்ட ஓட்டுநரோ நிற்கவும் உதவவும் சட்டத்தாற் கட்டுண்டவர். விபத்தை அறிவிக்கும் சட்டக் கடமையின் பேரிலேயே ஒருவர் பொலிஸாருக்குக் கூறியதை, குற்றவியல் வழக்கில் அவருக்கெதிராகப் பயன்படுத்தலாகாது என 1999இல் கனடிய அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதற்கப்பாற் பேசுமுன் சட்டத்தரணியை நாடலாம். ஆங்கிலத்தில் ஐயமிருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவேண்டும். பாதி விளங்கிய கேள்விக்கு "யெஸ்" என்று தலையாட்டிய வாக்குமூலத்தைப் பின்னர் திருத்துவது கடினம்.

தவணைகளும் முக்கியம். காப்புறுதி நிறுவனத்துக்கு 7 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். வீதியின் பழுதோ அகற்றாத பனியோ காரணமெனில் மாநகரசபைக்கு 10 நாட்களுள் எழுத்தில் அறிவிக்கவேண்டும்; மரணம் நேர்ந்தவிடத்து இதில் விலக்குண்டு. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டாண்டு. விபத்து வழக்கறிஞர் விளம்பரங்கள் நம்மவர் பத்திரிகைகளை நிறைக்கின்றன. அவர்களிடம் செல்வதற்கு முன்பே மோதல் நடந்த இடத்தையும் வாகனங்களையும் படம்பிடித்து, பொலிஸ் அலுவலரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்து வைத்திருத்தல் வேண்டும்.