அப்டேட் க்ராஷ் ஆச்சா? விழுந்தது யாருன்னு முதல்ல பாருங்க

அப்டேட் டூல் க்ராஷ் ஆனா காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நானே செஞ்ச ஒரு தப்பை வெச்சு இன்னைக்குப் பார்க்கலாம்.

எங்க டீமுக்கு ஒரு டெஸ்ட் சர்வர் இருந்தது. உபுண்டு 20.04. அதோடு கூடவே வருவது பைத்தான் 3.8. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 3.11 தேவைப்பட்டது, இன்ஸ்டால் பண்ணேன். அதோட நிறுத்தியிருக்கலாம். ‘பைத்தான்3’னு டைப் பண்ணாலே புதுசு வரணும்னு ஆசைப்பட்டு, அந்தப் பெயரில் இருந்த லிங்க்கை 3.11 பக்கம் திருப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால், எல்லாம் டவுன்லோட் ஆகிக் கடைசியில் ஒரு பைத்தான் ட்ரேஸ்பேக் வரும். ஆனா ‘ஆப்ட் இன்ஸ்டால்’ ஒழுங்கா ஓடுச்சு. சரி, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். ஒன்றரை மாசம் கழிச்சு டீமில் புதுசா சேர்ந்த பையன் கேட்டான்: “அண்ணா, இந்த எரர் எப்பவுமே வருமா?” எனக்கு வெட்கமாப் போச்சு. அன்னைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் கேள்வி, விழுந்தது யார்? ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலே படிக்கணும். கடைசி வரி, ‘ஆப்ட்_பிகேஜி’ என்ற மாட்யூல் இல்லை என்றது. மேலே இருந்த ஃபைல் பெயர் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வசதிக்கானது. இல்லாத கமாண்டை டைப் பண்ணா, ‘இந்தப் பேக்கேஜைப் போடுங்க’ன்னு சொல்லுமே, அதுதான். ஆப்ட் தன் வேலை முடிஞ்சதும், அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். ஆப்ட் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதப்பட்டது. அதுக்கு ஒண்ணும் ஆகலை. விழுந்தது அந்த ஸ்கிரிப்ட்.

இரண்டாவது, மாட்யூல் நிஜமாவே இல்லையா? தேடினால் டிஸ்கில் இருக்கு! இது கம்பைல் செய்த மாட்யூல். ஃபைல் பெயரிலேயே ‘சிபைத்தான்-38’ என்று இருக்கும். அதாவது 3.8-க்கு மட்டும். 3.11 அந்தப் பெயரைத் தேடவே தேடாது. அதனால ‘இல்லை’ன்னு சொல்லுது. ஃபைல் தொலையலை, கூப்பிட்ட பைத்தான்தான் மாறிப்போச்சு.

இதுக்கு நெட்டில் ஒரு குறுக்கு வழி கிடைக்கும்: அந்த ஃபைலை எண் இல்லாத பெயரில் காப்பி பண்ணுங்கன்னு. தயவுசெய்து வேண்டாம். 3.8-க்குக் கம்பைல் ஆனதை 3.11 லோட் பண்ணினா, செக்மென்டேஷன் ஃபால்ட் வரலாம். ட்ரேஸ்பேக்காவது எந்த வரியில் விழுந்தேன்னு சொல்லும். இது அதையும் சொல்லாம செத்துப்போகும்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்கணும்: இதே மாட்யூலை நம்பி வேற யார் இருக்காங்க? செக்யூரிட்டி அப்டேட்களைத் தானாகவே போடும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ இருக்கே, அதுவும் பைத்தான்தான், அதே மாட்யூல்தான். அதன் லாகைத் திறந்தேன். கடைசிப் பதிவின் தேதி, நான் லிங்க்கைத் திருப்பிய நாள். வயிறு கலங்கிடுச்சு. ஒன்றரை மாசமா அந்த சர்வரில் ஒரு செக்யூரிட்டி அப்டேட்கூடத் தானாக ஏறலை. கண் முன்னாடி விழுந்த ஸ்கிரிப்டால பெரிய நஷ்டம் இல்லை. பின்னாடி சத்தமில்லாம விழுந்ததுதான் ஆபத்து.

சரிபண்ண அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. லிங்க்கை மறுபடியும் 3.8-க்கே திருப்பினேன். ப்ராஜெக்ட்டுக்கு 3.11-ல் தனியா ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட். பிறகு ‘ஆப்ட் அப்டேட்’ சுத்தமா முடிஞ்சுது. அதோட விடலை. அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸை ‘ட்ரை ரன்’, ‘டீபக்’ ரெண்டும் கொடுத்துக் கையால் ஓட்டிப் பார்த்தேன். நின்னுபோன அப்டேட்கள் வரிசையா வந்து நின்னுச்சு. எல்லாத்தையும் போட்டு ரீபூட் பண்ணேன்.

லினக்ஸில் ‘பைத்தான்3’ங்கிற பெயர் நமக்கு மட்டும் சொந்தமில்லை, சிஸ்டமும் அதை நம்பித்தான் ஓடுது. உங்ககிட்ட ஒரு உபுண்டு சர்வர் இருந்தா, இதைக் கேட்டு முடிச்சதும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் லாகில் கடைசித் தேதி என்னன்னு மட்டும் பார்த்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.