தோளும் காலும்: ஈட்டி எறிதலின் இயக்கவியல் பற்றிச் சில குறிப்புகள்

வீரயுகப் பாடல்கள் வேலெறிந்தவனின் தோளையே பெரிதும் வியந்தன. கால் பாடப்பட்டபோதும் பெரும்பாலும் கழலின் பொருட்டே பாடப்பட்டது எனலாம். கண்ணுக்குப் புலனாகும் உறுப்பே புகழுக்குரியதாவது சமூக வாழ்விலும் நாம் காணாததன்று. ஆயின் இயக்கவியல் நோக்கில், தோள் ஒரு நீண்ட தொடரின் பிற்பகுதிக் கண்ணியேயாகும்.

கணக்கொன்றைப் பார்ப்போம். ஆடவர் ஈட்டியின் குறைந்தபட்ச எடை 800 கிராம். அது வினாடிக்கு 30 மீற்றர் வேகத்திற் கையைவிட்டு நீங்குமாயின் அதன் இயக்கசக்தி 360 யூல். எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 6 மீற்றர் வேகத்தில் ஓடிவரும்போது அவருடலில் 1440 யூல் உள்ளது. எனவே சக்தியை உண்டாக்குவதைவிட அதனைக் கைமாற்றுவதே சிக்கலானது.

அக்கைமாற்றம் இடக்காலில் நிகழ்கிறது. வலக்கையால் எறிபவர் இறுதி அடியில் இடக்காலை முன்னே ஊன்றுகிறார். தொடையின் முன்புறத் தசைகள் முழங்கால் மடங்கிவிடாது தாங்கி நிற்க, இடுப்பு சடுதியாகத் தடைப்படுகிறது. அதற்கு மேலுள்ள உடலோ முன்னோக்கிச் சுழல்கிறது. இடுப்பு முந்த, மார்பு பிந்த, கை அதற்கும் பின்னே தங்குகிறது. இப்பிந்துதலால் வயிற்றின் சாய்தசைகளும் பெருமார்புத் தசையும் முதலில் இழுபட்டு, பின்னர் விசையுடன் சுருங்குகின்றன. மேற்கையெலும்பு உட்புறமாகத் திரும்ப, முத்தலைத் தசை முழங்கையை நீட்ட, ஈட்டி நீங்குகிறது. கால் ஊன்றியதிலிருந்து இவையனைத்தும் முடிய வினாடியின் ஏழிலொரு பங்குகூட ஆவதில்லை.

கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் இதனை அயலிலேயே காணலாம். துறைமுகத்தையும் புறக்கோட்டைக் களஞ்சியங்களையும் அண்டிய சுமை தூக்கும் தொழிலாளி மூட்டையைக் கையால் உயர்த்துவதில்லை. முழங்கால்களை நிமிர்த்தி, அவ்வெழுச்சியிலேயே அதனைத் தோளுக்கு ஏற்றுகிறார். நூலறிவு பின்னர் விளக்கியதை உழைப்பு முன்னரே அறிந்திருந்தது.

இடக்கையின் பங்கும் மனங்கொள்ளத்தக்கது. முன்னே நீட்டப்பட்ட அக்கை உடலை நோக்கி மடங்கும்போது மார்பு விரிகிறது, உடற்சுழற்சியும் விரைவுறுகிறது. போரில் இடக்கை பாதிப்புற்ற தினேஷ் பிரியந்த ஹேரத்துக்கு இவ்வுதவி முழுமையாகக் கிட்டவில்லை. எனினும் 2016இல் றியோ பராலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அவர், 2021இல் டோக்கியோவில் 67.79 மீற்றர் எறிந்து, அவ்வகுப்பின் அன்றைய உலக சாதனையுடன் இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். போர் பறித்ததை உடலின் பிற பகுதிகளே ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

கருவியும் மாறாததன்று. 1984இல் கிழக்கு ஜேர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார்; மைதானங்களே போதாதென்ற நிலை தோன்றியது. 1986இல் ஆடவர் ஈட்டியின் புவியீர்ப்பு மையம் 4 சென்ரிமீற்றர் முன்னோக்கி நகர்த்தப்பட்டதும், முனை முன்கூட்டியே தாழ்ந்து தூரம் குறைந்தது.

விதிப்படி ஓடுபாதை 30 மீற்றருக்குக் குறையலாகாது. நெருக்கமான நகர்ப்புறப் பாடசாலைகளில் இதற்கு இடமேது? நின்ற நிலையில் எறியப் பழகும் மாணவனுக்கு ஓட்டத்தின் சக்தி கிடைப்பதில்லை. குறையைத் தோளே நிரப்ப முயல்கிறது. முழங்கையின் உட்புற இணையமே அப்போது மிகுதியாக இழுபடுகிறது. வளரும் வயதினரிடம், அவ்விணையம் பற்றியுள்ள எலும்பின் வளர்பகுதியே முதலிற் பாதிப்புறக்கூடும்.